பட்டிமன்றப் பேச்சாளர்கள் மற்ற நாளில் என்ன வேலை பார்க்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் இலக்கியக் கழகம் பங்குனித் திருவிழாவையொட்டி ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துகிறது. பேச்சாளர்களைத் தேடிப் பிடிப்பது, தேதி வாங்குவது, மேடையில் அறிமுகம் செய்வது எல்லாம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் பொறுப்பு. மறுநாள் காலை டீக்கடையில் என்னிடம் முதலில் கேட்பது தீர்ப்பைப் பற்றி அல்ல. "ரெண்டாவதா பேசுனாகளே அந்த அம்மா, என்ன வேலை பாக்குறாக?" என்றுதான் கேட்பார்கள். ஒருவர் சொன்னதை எந்த இடத்தில் நின்று சொன்னார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அது. நியாயமான ஆசை. இத்தனை ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தருகிறேன்.

பட்டிமன்றம் பேசுவது முழுநேரத் தொழிலா?

மிகச் சிலருக்குத்தான். தொலைக்காட்சியால் ஊரறிந்தவர்கள், பணி ஓய்வுக்குப் பிறகு இதையே முழுநேரமாக எடுத்துக்கொண்டவர்கள் என்று ஒரு சிறு கூட்டம் உண்டு. மற்றபடி மாவட்டந்தோறும் மேடை ஏறும் பெரும்பாலோருக்கு வேறு பிழைப்பு இருக்கிறது. பள்ளி, கல்லூரி, வங்கி, நீதிமன்றம், தபால் நிலையம், மின்வாரியம் என்று எங்கோ வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் பேருந்து ஏறி வருகிறார்கள். எங்கள் ஊரில் பட்டிமன்றம் முடிய இரவு ஒரு மணி ஆகும். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிப் பேருந்தைப் பிடித்து, மறுநாள் பத்து மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். "அண்ணே, எனக்குக் கடைசியில வாய்ப்பு வேணாம், மொத ஆளா விட்ருங்க" என்று ஒருவர் கேட்டால் அதில் பெருமை, சிறுமை எதுவும் இல்லை. விடிந்தால் அவருக்கு வேலை.

ஏன் இத்தனை பேர் தமிழாசிரியர்களாக இருக்கிறார்கள்?

காரணம் வகுப்பறை. ஐம்பது பிள்ளைகள், கடைசி வரிசையில் தூங்கி வழியும் நாலு பேர், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பாடவேளை. அங்கே அகநானூற்றை நடத்தித் தாக்குப் பிடித்த ஒருவருக்கு மைக்கும் மேடையும் பெரிய விஷயமே இல்லை. பாட்டு மனப்பாடமாக இருக்கும். எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எங்கே ஒரு கதை சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் பழகியிருக்கும்.

மதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். சாலமன் பாப்பையா அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்தவர். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றவர். கு. ஞானசம்பந்தன் அதே ஊரில் தியாகராசர் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். திண்டுக்கல் ஐ. லியோனி பள்ளி ஆசிரியராக இருந்து பட்டிமன்றத்துக்கு வந்தவர். 2021-ல் அவரைத் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் தலைவராக நியமித்தார்கள். சென்னையில் பர்வீன் சுல்தானா மகளிர் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர்.

சாலமன் பாப்பையா நடுவராக இருக்கும்போது கவனித்துப் பாருங்கள். பேச்சாளர் ஒரு குறளைத் தவறாகச் சொன்னால் அவர் முகம் சற்றே மாறும். அடுத்து அவர் பேசும்போது அந்தக் குறளைச் சரியாகச் சொல்லி, ஆனால் யாரையும் குத்தாமல் கடந்து போவார். அது நடுவர் செய்கிற வேலை மட்டும் அல்ல. விடைத்தாள் திருத்தி வந்த ஆசிரியரின் பழக்கமும் சேர்ந்தது.

அந்தக் காலத்தில் யார் பேசினார்கள்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டிமன்றம் தொலைக்காட்சியோடு பிறந்தது என்றே பலர் நினைக்கிறார்கள்.

'பட்டிமண்டபம்' என்ற சொல் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. மகத நாட்டு அரசன் சோழனுக்குக் கொடுத்ததாக அங்கே ஒரு பட்டிமண்டபம் வருகிறது. மணிமேகலையில் இந்திர விழா அறிவிக்கும் முரசு அறைபவன், 'ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்' என்கிறான். அந்த மேடையில் பேசியவர்கள் சமயவாதிகள். தத்தம் சமயத்தின் பொருளை நிறுவுவதே அவர்கள் வேலை. 'பாங்கறிந்து ஏறுமின்' என்ற இரண்டு சொற்களை நான் ஆண்டுதோறும் புதுப் பேச்சாளர்களுக்குச் சொல்கிறேன். முறை தெரிந்து ஏறு என்று இரண்டாம் நூற்றாண்டுச் சங்கதியோ, ஆறாம் நூற்றாண்டுச் சங்கதியோ, யாரோ ஒரு முரசறைபவன் சொல்லி வைத்திருக்கிறான். பகைவரோடு இருந்தாலும் சினமும் பூசலும் வேண்டாம் என்றும் அவனே சேர்த்துச் சொல்கிறான்.

இன்று நாம் பார்க்கும் வடிவம் கம்பன் விழாக்களில் வளர்ந்தது. காரைக்குடிக் கம்பன் கழகத்தை 1939-ல் தொடங்கிய சா. கணேசன் பேராசிரியர் அல்ல, விடுதலைப் போராட்டக்காரர். தன்னைக் 'கம்பன் அடிப்பொடி' என்று சொல்லிக்கொண்டவர். பங்குனியில் காரைக்குடியில் தொடங்கும் விழா, கம்பர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையில் போய் நிறையும். அந்த மேடையில் சட்டத் துறையினருக்குப் பெரிய இடம் உண்டு. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் சட்டம் படித்தவர். நீதிபதி எஸ். மகராஜன் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர், ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழாக்கியவர். நீதிபதி மு.மு. இஸ்மாயில் 1979 முதல் 1981 வரை சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி. சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். வாலியை இராமன் மறைந்து நின்று கொன்றது சரியா என்ற கேள்வியை ஒரு தலைமை நீதிபதி எடுத்துப் பேசும்போது சபை எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்பு எழுதிப் பழகிய மனம் அது.

பண்டிதர் கூட்டத்திலிருந்து பட்டிமன்றத்தைப் பொதுஜனத்துக்குக் கொண்டுவந்ததில் குன்றக்குடி அடிகளாருக்குப் பெரும் பங்கு உண்டு. 1952-ல் குன்றக்குடி ஆதீனத்தின் பொறுப்பேற்றவர், காவி கட்டிய துறவி. மடத்துக்குள் இருந்துகொண்டு ஆசி வழங்கியிருக்கலாம். அவர் ஊர் ஊராகப் போய் நடுவராக உட்கார்ந்தார். கண்ணகியா, மாதவியா என்று சாதாரண ஜனங்கள் திண்ணையில் வாதிடத் தொடங்கியதற்கு அவரும் அவர் தலைமுறையும் காரணம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அவர் பேச்சைக் கேட்க மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனதைச் சொல்லும்போது முகம் மலர்ந்துவிடும்.

வழக்கறிஞர்கள் பேசினால் நீதிமன்றம்போல் இருக்குமா?

இருக்காது. நல்ல வழக்கறிஞர்கள் அந்த வேறுபாட்டை அறிந்தவர்கள். நீதிமன்றத்தில் ஒரே ஒரு நீதிபதியை ஒப்புக்கொள்ள வைத்தால் போதும். இங்கே கடலை கொறித்துக்கொண்டிருக்கும் இரண்டாயிரம் பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எதிரணி சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே பிடித்துக்கொண்டு திருப்பி அடிப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. சென்னையில் வழக்கறிஞர் சுமதி, வழக்கறிஞர் த. இராமலிங்கம் இருவரையும் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். அவர்கள் பெயருக்கு முன்னால் 'வழக்கறிஞர்' என்பது ஒட்டியே வருகிறது. சபையும் அதை எதிர்பார்த்தே காது கொடுக்கிறது.

'வழக்காடு மன்றம்' என்று தனி வடிவமே உண்டு. அதில் ஒருவர் குற்றம் சாட்டுவார், ஒருவர் மறுப்பார், நடுவர் தீர்ப்பளிப்பார். 'கைகேயி குற்றவாளி' என்று வழக்குத் தொடுத்தால் கைகேயிக்காக வாதாட ஒருவர் வேண்டும். அதற்கு வழக்கறிஞர்களைத்தான் நான் முதலில் தேடுவேன்.

வங்கி வேலைக்கும் பட்டிமன்றத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வி வருவதற்குக் காரணம் பாரதி பாஸ்கரும் ராஜாவும். பாரதி பாஸ்கர் வேதிப் பொறியியல் படித்தவர், சிட்டி வங்கியில் உயர் பொறுப்பு வகித்தவர். ராஜாவும் வங்கிப் பணியில் இருந்தவர். தீபாவளி, பொங்கல் காலையில் தொலைக்காட்சியில் இவர்கள் எதிரெதிர் அணியில் பேசுவதைப் பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. இருவரும் தமிழ் இலக்கியத்தைக் கரைத்துக் குடித்தவர்களாக இருந்தாலும், தமிழ்த்துறையில் சம்பளம் வாங்கியவர்கள் அல்ல என்பது பலருக்கு வியப்பு.

வங்கிக் கவுண்டர் என்பது ஊரின் நெஞ்சுக்கூடு மாதிரி. எல்லார் கவலையும் அங்கே வந்து நிற்கும். எங்கள் மேடையில் நடந்ததைச் சொல்கிறேன். 'குடும்பப் பாரத்தை அதிகம் சுமப்பவர் கணவரா, மனைவியா' என்பது தலைப்பு. மனைவி அணியில் மூன்றாவதாகப் பேசியவர் ஒரு கூட்டுறவு வங்கிக் காசாளர். அதற்கு முன் பேசிய இருவரும் கண்ணகி, சீதை, அவ்வையார் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். இவர் எழுந்து, ஜூன் மாதம் முதல் வாரம் பள்ளிக்கூடம் திறக்கும்போது தன் கவுண்டரில் நடப்பதைச் சொன்னார். ஒரு பெண் வருவார். தோட்டைக் கழற்றத் திருகாணியைத் திருகுவார், இறுகியிருக்கும், வராது. பக்கத்தில் நிற்கும் இன்னொரு பெண் கைகொடுப்பார். நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிப் பார்த்துத் தொகையைச் சொல்வார். ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வெறும் காதோடு வாசலுக்குப் போனதும் அங்கே நிற்கும் வேப்ப மரத்தில் ஒரு குச்சியை ஒடித்துக் காதுத் துளையில் செருகிக்கொள்வார். துளை தூர்ந்துவிடக் கூடாது அல்லவா, மீட்டு மாட்டும் நாள் வரும் என்ற நம்பிக்கை. "பதினெட்டு வருஷமா பாக்குறேன். அந்த வேப்பமரத்துல கைக்கெட்டுற உயரத்துல குச்சியே இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பேச்சு நேரம் முடிந்தது என்று மணி அடிக்க இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

கூட்டத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டதை நான் மேடை ஓரத்திலிருந்து பார்த்தேன். இலக்கியம் படித்த யாரும் அந்த வேப்பங்குச்சியைக் கொண்டுவந்திருக்க முடியாது. அது கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு மட்டும் தெரிந்தது. பேச்சாளரின் வேலையைச் சபைக்குச் சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இந்த ஒரு இரவு போதும்.

பொறியாளர், மருத்துவர், பத்திரிகையாளர்?

எல்லாரும் வருகிறார்கள். மதுக்கூர் ராமலிங்கம் 'தீக்கதிர்' நாளிதழின் ஆசிரியர் பொறுப்பில் இருந்தவர். அன்றைய செய்தியை அன்றிரவே வாதமாக்கும் வேகம் பத்திரிகை அலுவலகத்தில் வருவது. மென்பொருள் வேலையில் இருக்கும் இளைஞர்கள் இப்போது அதிகம் வருகிறார்கள். கல்லூரியில் படிக்கும்போதே பேச்சுப் போட்டிகளில் தேறியவர்கள் அவர்கள். மருத்துவர்களுக்குத்தான் தேதி கிடைப்பது கடினம். தேதி கொடுத்தாலும் கடைசி நேரத்தில் ஒரு பிரசவம் வந்துவிடும்.

தலைப்புக்குத் தக்க வேலையில் இருப்பவர்களைத்தான் அழைப்பீர்களா?

இல்லை. கல்வியைப் பற்றிய தலைப்பு என்றால் ஆறு பேரும் ஆசிரியர்களாக இருந்தால் அது ஆசிரியர் கூட்டம் ஆகிவிடும். வழக்கமாக அணிக்கு மூன்று பேர், ஒரு நடுவர். ஒவ்வோர் அணியிலும் இலக்கியம் தெரிந்த ஒருவர், நகைச்சுவை கைவந்த ஒருவர், வாழ்க்கையிலிருந்து சான்று கொண்டுவரும் ஒருவர் என்று சேர்ப்பேன். இந்த மூன்றாவது ஆள்தான் கிடைப்பது அரிது. அவரைத் தேடும்போதுதான் என்ன வேலை பார்க்கிறார் என்று விசாரிக்கிறேன். நடத்துநர், செவிலியர், கிராம நிர்வாக அலுவலர், ரேஷன் கடை விற்பனையாளர் என்று ஜனங்களை நேருக்கு நேர் பார்க்கும் வேலையில் இருப்பவர் பேசத் தெரிந்தவராகவும் இருந்தால், என் நோட்டில் அவர் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டு வைத்துக்கொள்வேன்.

பேசுவது அவர்களின் சொந்தக் கருத்தா?

இருக்க வேண்டியதில்லை. அணியைப் பெரும்பாலும் நடுவரோ அமைப்பாளரோ பிரித்துக் கொடுக்கிறோம். 'கூட்டுக் குடும்பமே நல்லது' என்று பேசியவர் தனிக்குடித்தனம் இருக்கலாம். அதற்காக அவரைப் பொய்யர் என்று சொல்லக் கூடாது. ஆனால் ஒன்று. வாதம் கொடுக்கப்பட்டதாக இருக்கலாம், சான்று சொந்தமானதாக இருக்க வேண்டும். மேலே சொன்ன வங்கிக் காசாளர், 'கணவரே' என்ற அணியில் இருந்திருந்தாலும் கவுண்டரில் கண்டதை வைத்துத்தான் பேசியிருப்பார். அடுத்தவர் வாழ்க்கையில் நடந்ததைத் 'என் வீட்டில் நடந்தது' என்று சொல்கிறவரை நான் இரண்டாம் முறை அழைப்பதில்லை.

நடுவர் ஏன் எப்போதும் பேராசிரியராக இருக்கிறார்?

எப்போதும் என்று இல்லை. துறவி, நீதிபதி, புலவர், திரைப்பட இயக்குநர் என்று பலரும் நடுவராக இருந்திருக்கிறார்கள். இருந்தாலும் பேராசிரியருக்கு ஒரு வசதி இருக்கிறது. பேச்சாளர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்களாகவோ, படித்தவர்களிடம் படித்தவர்களாகவோ இருப்பார்கள். மணி அடித்தால் உட்காருவார்கள். நடுவர் ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் எழுந்து சொல்லும் தொகுப்புரையில், தடுமாறிய பேச்சாளரைத் தூக்கி நிறுத்தவும் வேண்டும், மிஞ்சிப் போனவரை இழுத்துப் பிடிக்கவும் வேண்டும். பிள்ளைகளை வைத்துப் பழகியவருக்கு அது இயல்பாக வரும்.

பெண் பேச்சாளர்களின் வேலையையும் குடும்பத்தையும் சேர்த்து அறிமுகம் செய்கிறார்களே, அது சரியா?

சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆண் பேச்சாளரை 'மின்வாரியப் பொறியாளர்' என்று சொல்லி நிறுத்துகிறோம். பெண் வந்தால் 'இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், கணவர் இன்னார்' என்று இழுக்கிறோம். எங்கள் கழகத்தில் பத்து ஆண்டுகளுக்கு முன் இதை நிறுத்தினோம். அவர் என்ன படித்தார், என்ன வேலை செய்கிறார், எத்தனை ஆண்டுகளாக மேடை ஏறுகிறார், அவ்வளவுதான். தன் குடும்பத்தைப் பற்றி அவரே பேச்சில் சொன்னால் அது அவர் விருப்பம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரவு ஒரு மணிக்கு முடியும் நிகழ்ச்சிக்குப் பெண்கள் வருவதற்குப் பின்னால் பெரிய ஏற்பாடு இருக்கிறது. துணைக்கு ஒருவர், தங்க இடம், மறுநாள் விடுப்பு. மேடையில் மூன்று பெண்கள் இருந்தால் அமைப்பாளர்கள் ஒழுங்காக வேலை செய்திருக்கிறார்கள் என்று பொருள். வாகனமும் தங்கும் இடமும் ஏற்பாடு செய்யாமல் 'பெண் பேச்சாளர்களே கிடைப்பதில்லை' என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

அரசு ஊழியர்கள் பட்டிமன்றத்தில் பேசலாமா?

பேசுகிறார்கள். எப்போதாவது செய்யும் இலக்கியப் பணியை யாரும் தடுப்பதில்லை. ஆனால் அலுவலக வேலை கெடக் கூடாது. பணம் வாங்குவது, தொடர்ந்து தொலைக்காட்சியில் வருவது என்றால் துறை அனுமதியைப் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-ல் வந்தவை. அரசின் கொள்கையைப் பொதுமேடையில் கண்டிக்க அந்த விதிகள் இடம் தருவதில்லை.

பட்டிமன்றத் தலைப்புகள் ஏன் மாமியார் மருமகள், கணவன் மனைவி என்றே சுற்றுகின்றன என்று குறைப்படுகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மேடையில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் அரசுச் சம்பளமோ, அரசு உதவி பெறும் கல்லூரிச் சம்பளமோ, வங்கிச் சம்பளமோ வாங்குகிறவர்கள். தண்ணீர் வரியைப் பற்றியோ, மூடிய பள்ளிக்கூடத்தைப் பற்றியோ தலைப்பு வைத்தால் அவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு பேச வேண்டும். அதனால் தலைப்பு வீட்டுக்குள் போய்விட்டது என்பது என் கணிப்பு. தொலைக்காட்சி விளம்பரதாரர் மட்டும் காரணம் அல்ல. பொதுப் பிரச்சினையைத் தலைப்பாக வைக்கும்போது வழக்கறிஞர், விவசாயி, வியாபாரி, ஓய்வு பெற்றவர் என்று பார்த்து அழைக்கிறோம். ஓய்வு பெற்ற ஒரு வட்டாட்சியர் எங்கள் மேடையில் கண்மாய் ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேசினார். முப்பது ஆண்டுகள் அடக்கி வைத்திருந்த பேச்சு அது.

அறிமுகத்தில் என்ன சொல்ல வேண்டும், எதை விட வேண்டும்?

பெயர், ஊர், வேலை, அந்த வேலையில் எத்தனை ஆண்டு, எழுதிய நூல் இருந்தால் ஒன்று. ஒரு நிமிடம் போதும்.

இதில் நானே செய்த தவறு ஒன்று இன்னும் உறுத்துகிறது. ஒரு பேச்சாளரை, பள்ளிக்கூடத்தில் வேலை என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டு, அழைப்பிதழில் 'ஆசிரியை' என்று அச்சடித்துவிட்டேன். மேடையிலும் அப்படியே சொன்னேன். அவர் மைக் முன்னால் வந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "ஐயா தப்பாச் சொல்லிட்டாங்க. நான் டீச்சர் இல்லைங்க. சத்துணவு அமைப்பாளர். பாடம் நடத்துறதுக்கு முன்னாடி பிள்ளை சாப்பிட்டுச்சான்னு பாக்குறவ" என்றார். கைதட்டல் ஓய ஒரு நிமிடம் ஆனது. அவர் கோபப்படவில்லை. ஆனால் சத்துணவு அமைப்பாளர் என்பதைவிட ஆசிரியை என்பது மேல் என்று என் மனதில் எங்கோ இருந்திருக்கிறது, அதனால்தான் நான் விசாரிக்காமல் எழுதினேன் என்று அன்றிரவு தோன்றியது. அன்று முதல் அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "உங்க வேலையை எப்படிப் போடணும்? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்கிறேன்.

'முனைவர்', 'கலைமாமணி', 'நாவுக்கரசர்' என்று போடுகிறார்களே, எல்லாம் ஒன்றா?

ஒன்றல்ல. முனைவர் என்பது ஆய்வு செய்து பல்கலைக்கழகத்தில் பெறும் பட்டம். கலைமாமணி தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாக அரசு வழங்கும் விருது. நாவுக்கரசர், சொல்லின் செல்வர் போன்றவை ஏதோ ஓர் அமைப்போ மடமோ அன்போடு கொடுத்த சிறப்புப் பெயர்கள். மூன்றையும் கலக்காமல் சொல்ல வேண்டும்.

மதிப்புறு முனைவர் பட்டம் என்று யார் யாரோ மண்டபம் பிடித்து வழங்குகிறார்கள். 1956-ம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி பட்டம் வழங்கும் உரிமை முறையாக அமைந்த பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றுக்கு இணையான நிறுவனங்களுக்கும்தான். வேறு யாரோ கொடுத்ததை அழைப்பிதழில் அச்சிட நான் ஒப்புவதில்லை. இதனால் இரண்டு பேச்சாளர்கள் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஐந்து ஆண்டு ஆய்வேடு எழுதிய ஒரு கல்லூரி ஆசிரியை அதே மேடையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, அவருக்கும் பணம் கட்டி வாங்கியவருக்கும் ஒரே அடைமொழி போட என் கை வரவில்லை.

ஓய்வு பெற்றவரை 'முன்னாள்' என்று சொல்லலாமா?

'ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்' என்று சொல்லுங்கள். பெரும்பாலோர் அதைத்தான் விரும்புகிறார்கள்.

சன்மானம் எல்லாருக்கும் ஒரே அளவா?

இல்லை. தொலைக்காட்சியில் வருகிறவருக்கும் முதல் மேடை ஏறுகிறவருக்கும் வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. எங்களால் முடிந்தது, போக்குவரத்துச் செலவைச் சன்மானத்தில் கழிக்காமல் தனியாகக் கொடுப்பதும், உறையை மேடையிலிருந்து இறங்கியவுடன் கையில் கொடுப்பதும். பொன்னாடை போர்த்திவிட்டு உறையைப் பிறகு அனுப்புகிறேன் என்று சொல்லும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. வேலைக்கு விடுப்புப் போட்டு, ஒரு நாள் சம்பளத்தை விட்டு வந்தவருக்கு அது பெரிய அநியாயம்.

இலங்கையில் எப்படி?

அங்கும் கம்பன் வழியாகத்தான் பட்டிமன்றம் வேரூன்றியது. அகில இலங்கைக் கம்பன் கழகம் 1980-ல் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. கம்பவாரிதி இ. ஜெயராஜ் இதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர். வேறு உத்தியோகத்தைச் சொல்லி அவரை அறிமுகப்படுத்தத் தேவையே இல்லை. போரும் இடப்பெயர்வும் நடந்த ஆண்டுகளிலும் இந்த மேடை அணையாமல் கொழும்பில் தொடர்ந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு மரியாதை கூடுகிறது. சிங்கப்பூரில் ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழாவை ஒட்டியும் பட்டிமன்றங்கள் நடக்கின்றன. வேற்று மொழியில் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு மாலையில் தமிழில் வாதாட வருகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

என் மகள் நன்றாகப் பேசுகிறாள். தமிழ் இலக்கியம் படித்தால்தான் பட்டிமன்றத்துக்கு வர முடியுமா?

வேண்டியதில்லை. அவளுக்குப் பிடித்ததைப் படிக்கட்டும். திருக்குறளில் நூறு குறளையாவது சந்தேகமில்லாமல் சொல்லத் தெரிந்தால் நல்லது, ஏனென்றால் குறளைத் தப்பாகச் சொன்னால் கூட்டத்திலிருந்தே யாராவது திருத்திவிடுவார்கள். மற்றபடி, அவள் எந்த வேலைக்குப் போனாலும் அங்கே காண்பதை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் கழகத்தில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை நான்கு மணிக்கு இளையோர் பயிற்சி நடக்கிறது. ஆளுக்கு ஏழு நிமிடம். ஆறாவது நிமிடத்தில் முதல் மணி, ஏழாவதில் இரண்டாவது மணி. தலைப்பை அன்றே சொல்வோம், அணியையும் அன்றே பிரிப்போம். போன மாதம் முதல்முறையாக வந்த ஒரு பெண் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். சீட்டில் உள்ள பத்து மாத்திரையில் நான்கை மட்டும் வாங்கிப் போகும் பெரியவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். இரண்டாவது மணியை அடிக்க வேண்டிய பையன் கேட்டுக்கொண்டே இருந்து அடிக்க மறந்துவிட்டான்.